லூர்து அக்காவின் அழுகை

ஒரே போட்டிக்கு மூன்று குறும்படங்களைப் பத்தே நாளில் எடுத்துவிடத் துணிந்தேன். கேமரா ஒன்றுதான், அதுவும் இரவல். காலையில் கல்வராயன் மலையில் ஒரு கதை, மாலையில் சங்கராபுரத்தில் இன்னொன்று என்று ஓடினேன். மூன்றிலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகப் பக்கத்து வீட்டு லூர்து அக்காவையே நடிக்க வைத்தேன். அழுவதற்கு அவருக்குக் கிளிசரின் தேவைப்படவில்லை.

"எம்புள்ளைய நெனச்சிக்குவேன் தம்பி" என்றார்.

அவர் மகன் ஏரியில் மூழ்கி இறந்தது எனக்கும் தெரியும். தெரிந்தும், "இன்னொரு டேக் போலாங்க்கா" என்று ஓயாமல் கேட்டேன்.

அடுத்து வந்த கல்லறைத் திருநாளில் அவரை மகனின் கல்லறையருகே பார்த்தேன். மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் எல்லாரும் அழ, அக்கா மட்டும் வறண்ட கண்களோடு நின்றார்.

"இன்னாக்கா, ஒரு மாதிரி நிக்கிறீங்க?"

"வருசா வருசம் இங்க வந்தா தன்னால அழுவ வரும் தம்பி. இந்த வாட்டி வரவே மாட்டேங்குது. அவன் மொகத்த நெனச்சாலே, நீ 'கட்'டுனு சொல்றதுதான் காதுல கேக்குது."

மூன்று படங்களிலும் அவர் அழுகை அப்படியே இருக்கிறது. அதை அவரிடம் திருப்பிக் கொடுக்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை.