குழியை மேடாக்கிய கண்ணாடி

எங்கள் பிரிண்டிங் கடை முதலாளிக்குத் தெரியாத தொழிலே கிடையாது. அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஆள் அனுப்பும் ஒரு கம்பெனி, பாதுகாப்பு வகுப்புக்கு த்ரீடி படம் கேட்டது. அது என்னவென்றே தெரியாமல் "முடிச்சிரலாம்" என்று ஆர்டர் வாங்கி வந்துவிட்டார்.

படத்தை நான் செய்தேன். கப்பலில் சரக்கு இறக்கும் ஹேட்ச் குழியை மேலே நின்று ஒரு படம், கேமராவைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி இன்னொரு படம். கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன்: இடது படம் சிவப்பு நிறத்துக்கான ரெட் சேனலில், வலது படம் கிரீன், புளூ சேனல்களில். இடது கண்ணுக்குச் சிவப்பு ஜெலட்டின் தாளும் வலது கண்ணுக்கு நீலத் தாளும் வைத்துப் பார்த்தால் குழி ஆழமாகத் தெரியும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

கண்ணாடியை வெளியே வாங்க முதலாளி விடவில்லை. அட்டையின் வெளிப்பக்கத்தில் கடைப் பெயரைப் பெரிதாக அடித்து நாமே செய்யலாம் என்றார். பைண்டிங் வேலை பார்க்கும் செல்வியைக் கூப்பிட்டு, பெயர் தன் பக்கம் தெரியும்படி அட்டையைப் பிடித்துக் காட்டினார்.

"ஏளா, இடது பக்கம் செவப்பு, வலது பக்கம் நீலம். அவ்வளவுதான்."

"போட்டுக்கிடுதவங்களுக்கு இடதா மொதலாளி, எதுத்தாப்புல நிக்கவங்களுக்கு இடதா?"

"கேள்வி கேக்காம ஒட்டுளா!"

பக்கத்து மேஜையில் இருந்த எனக்கு இது காதில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. படத்தைக்கூட என்னிடமிருந்த பழைய பிளாஸ்டிக் கண்ணாடியில் பார்த்துத்தான் ஓகே சொன்னேன்.

மறுநாள் வகுப்பில் நாற்பது தொழிலாளிகள் கண்ணாடியை மாட்டினார்கள். முதல் சிரிப்பு பின்வரிசையிலிருந்து வந்தது.

"ஏலே, குழிக்குள்ள மலை மொளச்சிருக்கு!"

"என்ன அண்ணாச்சி, உள்ள விழாதன்னு சொல்லுதியளா, மேல ஏறுன்னு சொல்லுதியளா?"

பாதுகாப்பு அதிகாரி முகம் கறுத்துவிட்டது. முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியோடு வந்து நின்ற செல்வியைக் கைகாட்டினார்.

"இவ மாத்தி ஒட்டிட்டா சார். ஏளா, நாளையிலேருந்து கடைக்கு வராத."

அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் எழுந்தேன். "அவ ஒங்க கையில பாத்தபடிதான் ஒட்டுனா மொதலாளி. தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். சொல்லாதது நான்" என்றேன். பிறகு எல்லாரையும் கண்ணாடிக் கால்களை எதிர்ப்பக்கமாக மடித்து, உள்பக்கத்தை வெளியே வைத்து மாட்டச் சொன்னேன். இப்போது சிவப்பு இடது கண்ணுக்கு வந்தது.

முதலாளி என் காதருகே வந்து பல்லைக் கடித்தார். "கடப் பேரு மூஞ்சிப் பக்கம் போயிருமேவே!"

"போகட்டும்."

முன்வரிசையில் ஒருவர் சட்டென்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "யாத்தே, இந்தப் பள்ளத்து ஓரத்துலயா நாம தெனமும் நிக்கோம்?" அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. "நாளைக்கு வந்து தொல" என்று செல்வியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைவிட என்மேல்தான் அவளுக்குக் கோபம். "ஒட்டுதப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வாடிக்கையாளர் கையில் போகும் கண்ணாடியை முதலில் உங்கள் மூக்கில் மாட்டிப் பாருங்கள். தப்பு தெரிந்தால் அங்கேயே சொல்லித் தொலையுங்கள். நான் மறுநாள் சொன்னேன். அதற்குள் அவளை நாற்பது பேர் முன்னால் நிற்க வைத்துவிட்டார்கள்.