கிளட்ச் வாத்தியார் கார் வாங்கப் போன கதை

கிளட்ச் வாத்தியாருக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள யார் வந்தாலும் முதல் சில நாட்களுக்கு வண்டியை நகர்த்தவே விடமாட்டார். நிற்கிற வண்டியில் உட்கார்ந்து இடது காலால் கிளட்சை மிதிக்க வேண்டும், மெதுவாக விட வேண்டும், மறுபடியும் மிதிக்க வேண்டும். தூங்கிப்போன குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிப் படுக்க வைப்பது போல விட வேண்டும் என்பார். பிரேக் யாருக்கும் வரும், ஆக்சிலரேட்டர் எல்லாருக்கும் வரும், கிளட்ச்தான் டிரைவிங் என்பது அவருடைய கட்சி. கிளட்ச் மிதி இல்லாமல் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கார்களை அவர் கார் என்றே ஒப்புக்கொண்டதில்லை. பொம்மை வண்டி என்பார். யாராவது ஆட்டோமேட்டிக் கற்றுத் தருவீர்களா என்று போனில் கேட்டால், பொம்மைக் கடையில் விசாரிக்கச் சொல்லி வைத்துவிடுவார்.

அவருடைய டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரு பழைய கார், அதன் தலையில் ஒரு போர்டு, பக்கத்து இருக்கையில் வாத்தியார். அவ்வளவுதான். அந்தப் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் தனியாக ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. கற்றுக்கொள்பவர் சொதப்பும்போதெல்லாம் வாத்தியாரின் கால் முந்திக்கொள்ளும். ஊரில் பாதிப் பேருக்காக அந்த இடது கால் மிதித்திருக்கிறது. அதற்கான பலனாக இப்போது மூட்டு தேய்ந்துபோய், காரிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடக்க முடிந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்று கிளட்சை விடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் நடக்கிறதை விட வேண்டியிருக்கும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த வாத்தியார் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வேலையை விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைவிட, வேலை இல்லாத தன்னை யாருக்கு என்ன தேவை என்பதுதான் அவரை உள்ளுக்குள் அரித்தது. வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை அவர். அதனால் குழாய் ஒழுகுவதைப் பற்றியும், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் கோணலாக நிறுத்துவதைப் பற்றியும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். நுணுக்கமாகப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. கணவருடைய எரிச்சலுக்கும் குழாய்க்கும் சம்பந்தமில்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் கடையிலிருந்து திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். வீட்டிலேயே கேக் செய்து விற்கிற ஒரு அம்மா மூக்குக்கண்ணாடி வாங்க வந்தாராம். தானாகக் கியர் மாறும் கார் ஒன்று வைத்திருக்கிறாராம். அதிகம் ஓடாத வண்டி, விற்கப் போகிறாராம். அதை வாங்கி, பக்கத்து இருக்கைக்கு ஒரு பிரேக் மட்டும் மாட்டிக்கொண்டால், காலுக்கும் ஓய்வு, ஸ்கூலும் நடக்கும்.

"பொம்மை வண்டியில நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கறது?" என்றார் வாத்தியார். "சாவியப் போடுங்க, போங்கன்னா? அதுக்கு எதுக்கு ஒரு வாத்தியார்?"

"போய்ப் பாத்துட்டு வந்து வேணாம்னு சொல்லுங்க. பாக்காமயே சொல்லாதீங்க" என்றாள் அவள்.

வாத்தியார் போனார். வாங்குவதற்காக அல்ல, வண்டியில் நாலு குறை கண்டுபிடித்து அவள் வாயை அடைப்பதற்காக.

கேக்கம்மாவின் வீட்டு வாசலில் அந்தச் சின்ன வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து வெண்ணெயும் சர்க்கரையும் சூடேறுகிற வாசனை தெருவரைக்கும் வந்தது. கையில் மாவோடு வெளியே வந்த கேக்கம்மா, நீங்கள் பாருங்கள் சார் என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். வாத்தியார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவி, விரலில் தேய்த்து, முகர்ந்தார். வலியைப் பொருட்படுத்தாமல் குனிந்து, தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்த்தார். டயர்கள் ஒரே சீராகத் தேய்ந்திருக்கின்றனவா என்று தடவினார். நான்கு கதவுகளையும் திறந்து மூடி, சத்தத்தைக் கேட்டார். பாழாய்ப்போன வண்டியில் ஒரு குறையும் இல்லை. பின்பக்கம் பம்பரில் மட்டும் ஒரு நசுங்கல் இருந்தது. அது எப்படி என்று கேட்டதற்கு கேக்கம்மா தரையைப் பார்த்தபடி, அது ஒரு ஏற்றத்தில் நடந்தது என்று மட்டும் சொன்னார்.

அப்படியானால் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். வாத்தியார் கையைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். கேக்கம்மா சாவியை நீட்டியபடி டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். அப்போதுதான் வாத்தியாருக்கு உறைத்தது. வாழ்நாளெல்லாம் இடது பக்கம் உட்கார்ந்து பழகிய உடம்பு, கார் வாங்க வந்த இடத்திலும் நேராகப் போய் இடது பக்கமே உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் போய் மாறி உட்கார்ந்தால் மானம் போகும். அதோடு மறுபடி எழுந்திருக்க முட்டியும் சம்மதிக்காது.

"நீங்களே ஓட்டுங்கம்மா. பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் வண்டியோட குணம் தெரியும்" என்று ஒரு போடு போட்டார்.

கேக்கம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் விற்கிறவர் மறுக்க முடியுமா? எப்படியும் ஒரு கேக்கைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது, போகிற வழியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளே ஓடி, இரண்டு அடுக்குக் கேக் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து பின்னால் கால் வைக்கும் இடத்தில் இறக்கினார். பெட்டிக்கு இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்தார். பிறகு ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து, பரீட்சை எழுத வந்தவர் போல ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. கொஞ்சம் வேகம் எடுத்து, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தானாக மாறும்போது ஒரு குலுக்குக் குலுக்கியது. இருவர் தலையும் முன்னால் போய்த் திரும்பின. பின்னால் பெட்டி நகர்கிற சத்தம் கேட்டது. வாத்தியாரின் இடது கால் தன்னையறியாமல் பாய்ந்து வெறும் தரையை மிதித்தது. அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போதும் அதே கதை.

இதனால்தான் விற்கிறேன் என்று கேக்கம்மா புலம்பத் தொடங்கினார். போன மாதம் இந்தக் குலுக்கலில் ஒரு கேக்கின் மேல் அடுக்கு கீழ் அடுக்கை விட்டு இறங்கிவிட்டதாம். ஏற்றமென்றால் வண்டி பின்னால் உருளுமாம். அதனால் மேம்பாலத்துப் பக்கமே போவதில்லை, ஊரைச் சுற்றித்தான் போவாராம். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் வாடிக்கையாளர்கள் கைநழுவிப் போகிறார்களாம். வண்டியை விற்றுவிட்டால் கேக்கையும் நிறுத்திவிட வேண்டியதுதான், தனக்கு அவ்வளவுதான் கொடுத்துவைத்தது என்றார்.

காலால் ஒன்றும் செய்ய முடியாதபோது வாத்தியாருக்கு மீதி இருந்தது வாய்தான். அதுவும் பழக்க தோஷத்தில் தானாகத் திறந்துகொண்டது. வண்டியின் இரைச்சல் ஏறுகிறது பாருங்கள், இப்போது கியர் மாறப் போகிறது, காலை லேசாகத் தளர்த்துங்கள் என்றார். கேக்கம்மா தளர்த்தினார். கியர் மாறியது. குலுக்கல் இல்லை. இப்போது மறுபடி கொடுங்கள் என்றார். கொடுத்தார். இரண்டு தெரு தாண்டுவதற்குள் கேக்கம்மாவுக்கே காது பழகிவிட்டது. வாத்தியார் வாய் திறப்பதற்கு முன்னாலேயே கால் தளர்ந்தது.

"ஏன் சார் இப்படி?" என்று கேட்டார்.

வாத்தியார் பதில் சொல்ல வாயெடுத்தவர், தான் சொல்லப்போவதை நினைத்துத் தானே கொஞ்சம் திகைத்தார். "இதுக்குள்ளயும் ஒரு கிளட்ச் இருக்கும்மா. நம்ம காலுக்குப் பதிலா ஒரு மெஷின் மிதிக்குது, அவ்வளவுதான். அது மிதிக்கிற நேரத்துல நீங்க முடுக்கிக்கிட்டே இருந்தா அது என்ன பண்ணும்? நாம கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்."

மேம்பாலத்துக்குத் திரும்பும் இடம் வந்தது. கேக்கம்மா வழக்கம்போல் சுற்றுவழிப் பக்கம் விளக்குப் போட்டார். பழைய வண்டி வாங்குகிறவர் ஏற்றத்தில் பார்க்காமல் வாங்குவாரா? பாலத்திலேயே போகச் சொன்னார் வாத்தியார். கேக்கம்மா வேறு வழியில்லாமல் ஏறினார். நேரம் பார்த்து, பாலத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இன்னொரு பாலம் வந்து சேரும் செங்குத்தான இடத்தில் சிக்னல் விழுந்தது. முன்னால் ஒரு லாரி. பின்னால் ஒருவன் மூக்கை முட்டுகிற மாதிரி வந்து நின்றான்.

கேக்கம்மா பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைத்து, வண்டி பின்னால் போகாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் முனகியது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வந்தது. வாத்தியார் அந்த வாசனையை எந்தத் தூக்கத்திலும் அடையாளம் கண்டுபிடிப்பார். கிளட்ச் தேய்கிற வாசனை.

அவர் காலைத் தூக்கவில்லை. தூக்கிப் பயனில்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்த கைப்பிரேக்கில் கையை வைத்தார். "பிரேக்க மிதிங்க. ஆமா. இப்ப இதத் தூக்குங்க. இனி வண்டி எங்கயும் போகாது. காலை எடுத்துட்டு மூச்சு விடுங்க." கேக்கம்மா மூச்சு விட்டார். பச்சை விழுந்ததும் மெதுவாக ஆக்சிலரேட்டரைக் கொடுக்கச் சொன்னார். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், அதுதான் கிளட்ச் பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம், அப்போது கைப்பிரேக்கை இறக்குங்கள் என்றார்.

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் உடனே ஹாரனை அலறவிட்டான். கேக்கம்மா கண்ணாடியில் அவனையே பார்த்தார். அவசரமில்லை, அவன் காத்திருப்பான் என்றார் வாத்தியார். வண்டி மூக்கைத் தூக்கியது. கைப்பிரேக் இறங்கியது. ஒரு விரற்கடை அளவுகூடப் பின்னால் போகாமல் வண்டி ஏறி, உச்சியைத் தாண்டி, மறுபக்கம் இறங்கியது. கேக்கம்மா சிரித்தார். அப்புறம் கொஞ்சம் அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரைச்சல் ஏறுகிறதென்று சரியான நேரத்தில் காலைத் தளர்த்தினார்.

கேக் போய்ச் சேர்ந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால் மேல் அடுக்கு மேலேயே இருந்தது. திரும்பி வரும்போது சுற்றுவழியில் போனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்று வாத்தியார் சொல்லியும் கேட்காமல் கேக்கம்மா பாலத்திலேயே வந்தார். சிக்னல் விழவில்லை என்று வருத்தப்பட்டார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை உருவி, அதை நீட்டாமல் கைக்குள்ளேயே மூடி வைத்துக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "இந்த வண்டிய நான் விக்கல. ரிவர்ஸ் எடுக்கவும் எனக்குப் பயம். நாளைக்கு வந்து சொல்லித் தருவீங்களா? எனக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் வீட்லயும் இதே மாதிரி வண்டி சும்மா நிக்குது. லைசன்ஸ் இருக்கு. ஓட்டத் தைரியம் இல்ல."

வாத்தியார் வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு இறங்கினார். பழக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தார். வலி வரவில்லை. மெதுவாக நடந்து பார்த்தார். நடக்க முடிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த மனைவி வாசலை எட்டிப் பார்த்தாள். வெள்ளை வண்டியைக் காணவில்லை. உள்ளே வாத்தியார் குழாயைக் கழற்றிப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். வண்டி பிடிக்கவில்லையா என்று கேட்டாள். அவர் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார், மறந்துபோய் இடது பக்கம் உட்கார்ந்தது உட்பட.

"கார் வாங்கப் போன மனுஷன், அந்தக் காரை அவங்களுக்கே வித்துட்டு வந்திருக்கீங்க" என்று அவள் சிரித்தாள்.

வாத்தியார் சிரிக்கவில்லை. குழாய் மரையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். இனி பழைய வண்டியை எடுக்கப் போவதில்லை என்றார். அடுத்தவர் வண்டியில் உட்கார்ந்து சொல்லித் தருவதற்குத் தனக்குச் சொந்த வண்டி எதற்கு என்றார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"இவ்வளவு நாளும் என் காலுதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துச்சுன்னு நெனச்சிட்டேன். கால் போனா நானும் போயிட்டேன்னு பயந்துட்டு இருந்தேன்."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும். நீங்க சொல்லட்டும்னுதான் காத்துட்டு இருந்தேன்" என்றாள்.

வாத்தியார் குனிந்து, மரையைப் பொருத்திக் குழாயைத் திருகினார்.