பதினோராவது பேர்

ஊரில் அவளுக்கு 'ரெண்டுபோதும்' என்று பேர். சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாகப் போகும் வேலை, இருபத்தாறு வருஷமாக. கருத்தடை மாத்திரை, ஆணுறை, ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும் படிவம் எல்லாம் ஒரே பையில். டீக்கடைப் பக்கம் அவள் தலை தெரிந்தால் யாராவது ஆரம்பிப்பார்கள்: "அக்காவுக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு கேக்கவே வேண்டாம்." அவளும் சிரிப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "தனக்கு ஒண்ணுகூட வேண்டாம்னுட்டு ஊருக்கு ரெண்டு போதும்ங்கறா பாரு" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டால் காதில் விழாத மாதிரி நடப்பாள்.

ஆறு வருஷமாகச் சிரிப்பதில்லை. தம்பி மகன், எட்டு வயது, கட்டடத்துக்கு வெட்டிய குழியில் தேங்கிய மழைத் தண்ணீரில் போனான். அதற்கு நாலு வருஷம் முன்புதான் தம்பி மனைவியை ஆபரேஷனுக்கு அவளே அழைத்துப் போயிருந்தாள். "ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு. இதுக்கு மேல என்னடி வேணும்?" சாவு வீட்டில் தம்பி அவள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான். தம்பி வீட்டுத் தெருவை மட்டும் அவள் இன்னொரு பணியாளரிடம் தள்ளிவிட்டாள்.

தம்பி மனைவி பெண்கள் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். சர்வதேசக் கூட்டுறவு நாளும் உலக மக்கள்தொகை நாளும் சில நாள் இடைவெளியில் வரும். இரண்டு பந்தல் எதற்கு என்று சங்கமும் சுகாதார நிலையமும் ஒரே விழாவாக நடத்திவிடும். பேனரைச் சங்கத்துப் பெண்களே தைப்பார்கள். இடது பாதியில் கோத்த கைகள், வலது பாதியில் அப்பா, அம்மா, பையன், பெண். ஆபரேஷன் செய்து பத்து வருஷம் முடிந்த உறுப்பினர்களை மேடைக்குக் கூப்பிட்டு, பிள்ளைகள் விவரத்தை மைக்கில் வாசித்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி கொடுப்பார்கள். விவரத்தைச் சேர்க்கைப் படிவத்திலிருந்து எடுப்பார்கள். சேர்ந்த அன்று எழுதியதை யாரும் மறுபடி தொட்டதில்லை.

இந்த வருஷப் பட்டியல் சரிபார்க்க அவளிடம் வந்தது. பதினோராவது பேர் தம்பி மனைவி. ஆண் 1, பெண் 1.

அன்றே சங்கத்துக்கு ஓடினாள்.

"இந்தப் பேரை எடுத்திடுங்க சார்."

செயலாளர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "உங்க தம்பி வீடுதானேக்கா? சொந்தக்காரங்களுக்குக் குடுத்தா பேச்சு வரும்னு பயமா?"

"அந்தப் பையன் இல்லை சார். போய் ஆறு வருஷம் ஆச்சு."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அளவுகோல் வைத்து அந்த வரியை அடித்தார். இவளுக்கு மூச்சு வந்தது.

விழாவன்று மூன்றாவது வரிசையில் தம்பி மனைவி நல்ல சேலை கட்டி, மகளோடு உட்கார்ந்திருந்தாள். பத்துப் பேரைக் கூப்பிட்டார்கள். பத்து வாளி போனது. கைதட்டல் ஓய்ந்தபிறகும் அவள் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்ததும் நேராக வந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"என் பேரை எடுத்தது நீங்களாமே."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்டி..."

"எனக்கு வாளிக்கா பஞ்சம்? ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணுன்னு படிப்பாங்கன்னு வந்தேன் அக்கா. பள்ளிக்கூடத்துல பேரை அடிச்சாச்சு. உங்க தம்பி அவன் பேரை வாயாலகூடச் சொல்றதில்லை. சங்கத்துலதான் விட்டு வெச்சிருந்தாங்க. ஊர் முன்னால ஒரு தடவை காதால கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கும் நீங்கதான். இன்னிக்கும் நீங்கதான்."

மகள் அம்மாவின் முந்தானையை இழுத்தாள். இருவரும் போய் நாற்காலி அடுக்குகிறவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். சங்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் அந்த வேலை உண்டு.

இவள் சங்க அறைக்குள் போனாள். மேசைமேல் மிச்சமான வாளி.

"படிவத்தைக் காட்டுங்க சார்."

"அதையும் திருத்திட்டேன்க்கா. நீங்க சொன்னப்புறம் தப்பா வெச்சிருக்கலாமா?"

ஆண் என்பதற்கு எதிரில் இருந்த ஒன்றைச் சிவப்பு மையில் அடித்து, மேலே பூஜ்யம் போட்டிருந்தார். ஓரத்தில், 'தகவல் தந்தவர்: சுகாதாரப் பணியாளர்.' அதற்குக் கீழே கோடு காலியாக இருந்தது. பேனாவைத் திறந்து நீட்டினார். "ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

படிவத்தின் அடியில் பத்து வருஷத்துக்கு முன்பு சங்கத்தில் சேர்த்துவிட்டபோது போட்ட சாட்சிக் கையெழுத்து இருந்தது. அவளுடையதுதான். பேனாவை வாங்கி மூடி மேசையில் வைத்தாள்.

"கையெழுத்து இல்லாட்டி திருத்தம் செல்லாதுக்கா."

"செல்லாமலே கிடக்கட்டும் சார்."

"சரி, இந்த வாளியாவது..."

அவள் வெளியே வந்திருந்தாள். பேனரை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையைத் தம்பி மனைவி பிடித்திருந்தாள். போய்ச் சொல்லலாம் என்று இரண்டடி வைத்தாள். என்ன சொல்வது, அவன் இன்னும் படிவத்தில் இருக்கிறான் என்றா?

தம்பி மனைவி தலை நிமிரவில்லை. துணியை நாலாக மடித்து, நாற்காலிமேல் வைத்துவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.