சாக்குக்குப் பின்னால் ஒரு ராஜா

ரிங்லெட் மலையூர்க் கடையொன்றில் இன்று மரவள்ளி மாவு கொதித்த வாசனைக்கு, இந்த வயதிலும் என் கண் சுவரைத் தேடியது. ஜப்பான்காரன் காலத்தில், தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் சரித்திரப் புத்தகத் தாள்களை அந்த மாவுப் பசையால்தான் குளிருக்காக எங்கள் லயத்து அறைச் சுவரில் ஒட்டியிருந்தோம். ஆங்கிலம் கூடாதென்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டதும் அப்பா கிழித்ததுபோக மிஞ்சிய ஒரே தாளை, மேலே தொங்கவிட்ட சாக்கு மறைத்திருந்தது. அதில் வெட்டுமேடைக்கு நடக்கும் ஒரு ராஜாவின் ஓவியம், கீழே பொடி எழுத்தில் ஆங்கிலம். சாயங்காலந்தோறும் அக்கா சாக்கை ஒதுக்கி, ஒரே ஒரு வரியில் விரல் வைத்து, நடந்தது எது, நடக்கப்போவது எது என்று வினைச்சொற்களைக் கேட்பாள், நான் முணுமுணுப்பேன். ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்ததற்காகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைச் சிப்பாய்கள் லோரியில் ஏற்றிப்போன பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை.

"கிழிச்சுப் போட்டுத் தொலைங்கடி" என்று எழுத்தறியாத அம்மா தினமும் திட்டுவார்.

ஒருநாள் பூட்ஸ் சத்தம் வாசலுக்கே வந்துவிட்டபோது சாக்கு தரையில் கிடந்தது. கொழுந்தெடுத்துத் திரும்பிய அம்மா, நனைந்த கம்பளியோடு அந்தத் தாள்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டார். சிப்பாய் அடுப்பைப் பார்த்தான், பானையைப் பார்த்தான், அம்மாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தான். கம்பளியிலிருந்து நீர் தரையில் சொட்டியது. பிறகு போனான்.

பூட்ஸ் சத்தம் சரிவில் தேய்ந்த பின்னும் அம்மா சுவரைவிட்டு அசையவில்லை.

"அந்த ராஜாவக் கடைசில கொன்னுட்டானுங்களா, இல்லியா?" என்று கேட்டார்.