நோய்க்குத் தனிச் சொல் இல்லாத பாஷை

என் கழுத்தில் கட்டி தெரிந்ததும், நுவரெலியா ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லித் தோட்டத்து டிஸ்பென்சரியில் தேதி போட்டு ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள். அதைச் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்கு அடியில் வைத்தேன். பயமான காகிதம் எதுவானாலும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதலில் அங்கேதான் போகும்.

மறுநாள் பங்காளி வீட்டில் சாவு. பதினாறு நாள் தீட்டு. தட்டைத் துணியால் மூடினோம். கருமாதி முடியும்வரை கை வைக்கக் கூடாது. தேதி போய்விட்டது. தீட்டின்மேல் பழியைப் போட்டேன். உண்மையில் எனக்கு நிம்மதி. டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்று அவ்வளவு பயம்.

கருமாதி முடிந்து தட்டைத் துடைத்தபோது மகள் அந்தச் சீட்டைக் கண்டாள். கொட்டகலையில் பாலர் பள்ளி டீச்சர் அவள். திட்டவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சாயந்தரம் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாக அதில் எஸ்பெராந்தோ படிக்கிறாள். எல்லா நாட்டுக்காரரும் பேசட்டும் என்று ஒருவர் உண்டாக்கிய பாஷையாம்.

"அம்மா, இதுல ஆஸ்பத்திரிக்கு மல்சானுலேயோன்னு பேரு."

"பேரக் கேட்டாலே காய்ச்சல் வரும் போல."

"பிரிச்சுப் பாருங்க. சான்னா சொகம். முன்னால மல் போட்டா அதுக்கு எதிரு. உல்னா ஆளு, ஏய்னா எடம். சொகமில்லாத ஆளுங்க இருக்கிற எடம்."

"நோய்க்குன்னு தனியா வார்த்தை இல்லையா?"

"இல்லம்மா. சொகத்த வச்சுத்தான் அதையும் சொல்லணும்."

ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்கியவள் நான். மறுநாள் மலையில் கை கொழுந்து எடுக்க, மனம் அந்தச் சொல்லையே பிரித்துப் பிரித்துப் பார்த்தது. நாங்களும் 'சொகமில்ல' என்றுதானே சொல்கிறோம். இத்தனை வருஷமும் என் காதில் விழுந்தது அந்த 'இல்ல' மட்டும்தான். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மாலையில் கொழுந்து நிறுக்கும்போது, நாளைக்கு வேலைக்கு வர மாட்டேன் என்று கங்காணியிடம் சொன்னேன்.

மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டில் போட்ட தேதிக்கு ஏன் வரவில்லை என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டார். சாவு வீடு என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. பயத்தில் வரவில்லை என்று அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, பதினான்காம் நம்பர் எழுதித் தந்தார்.

அப்போதுதான் ஒன்பதாம் நம்பர் டாக்டரிடம் உள்ளே போயிருந்தது.

"டீ குடிச்சிட்டு வருவமாம்மா?"

"வேணாம். நம்பர் போயிரும்."