நூர்னிசா ஓட்டிப் பார்த்த இரண்டு கார்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் நூர்னிசா, நாற்பத்து நான்காவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கணவர் ஜெய்னுலாப்தீனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் இருமுறை மதுரையில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை, சொல்லிவைத்த வாடகைக் கார் வரவே இல்லை. பஸ்ஸில் கூட்டிப்போனாள். திருமங்கலம் தாண்டுவதற்குள் அவருக்கு மூச்சு இரைத்ததைப் பார்த்தவள், இனி அடுத்தவர் காரை நம்புவதில்லை என்று அன்றே முடிவெடுத்தாள்.

ராஜபாளையத்தில் பழைய கார் வாங்கி விற்கும் ராம்கி இரண்டு கார்களைக் காட்டினான். வெள்ளைக் கார் பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும். ஒரு கிலோ கேஸுக்கு இருபத்தாறு கிலோமீட்டர் போகும். பழுப்பு நிறக் கார் டீசல், லிட்டருக்குப் பத்தொன்பதுதான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சப்ரீன், இரண்டு வண்டியின் விவரங்களையும் பக்கம் பக்கமாகப் போட்டு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். எஞ்சின் சக்தி, தரையிலிருந்து வண்டியின் உயரம், டிக்கியின் கொள்ளளவு, ஏர்பேக். அதில், கணவர் ஏறி இறங்க வேண்டிய சீட்டின் உயரம் இல்லை. நூர்னிசா துணி அளக்கிற டேப்பைக் கொண்டுபோய்த் தானே அளந்தாள். வெள்ளையில் இருபது அங்குலம், பழுப்பில் இருபத்து நாலு. வெள்ளைக் காரின் டிக்கியில் பாதியைக் கேஸ் சிலிண்டரே அடைத்திருந்தது; அவருடைய சக்கர நாற்காலிக்கு இடம் போதாது. ஆனாலும் வாரத்துக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓட வேண்டுமே என்று மனசு வெள்ளைப் பக்கமே சாய்ந்தது. அந்த எண்கள் அவளை நிம்மதியாகத் தைக்க விடவில்லை. ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கணவரையும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் வெள்ளைக் காரை ஓட்டிப் பார்த்தாள். ராம்கி பின்சீட்டில் இருந்தான். பாதி வழியில் ஜெய்னுலாப்தீன் பேச்சை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தால் முகம் வெளிறி, கழுத்தெல்லாம் வியர்வை.

“என்னங்க செய்யுது?” என்றாள். அவர் தலை ஒரு பக்கம் சரிந்தது.

ராம்கி முன்சீட்டைச் சாய்த்து அவர் தலையைத் தாங்கிக்கொண்டான். நூர்னிசா வண்டியை ராஜபாளையத்துக்கே திருப்பினாள். முன்னால் ஒரு டவுன் பஸ் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதை முந்த முயன்று ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாள். வண்டி உறுமியதே தவிர எழும்பவில்லை. எதிரே லாரி. மறுபடி பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒதுங்கினாள்.

“அக்கா, கேஸ்ல இழுவை கம்மி. பெட்ரோலுக்கு மாத்துங்க, ஏசிய அமத்துங்க” என்றான் ராம்கி.

பெட்ரோல் பட்டனை அழுத்தினாள். ஏசி பட்டன் மேல் விரல் நின்றது. அவருக்கு அப்படி வேர்த்துக்கொண்டிருக்கிறதே. ஆனாலும் அமர்த்தினாள். அதற்குப் பிறகு வண்டி பஸ்ஸைத் தாண்டியது. ஆஸ்பத்திரி வாசல்வரை அவள் வாய் துஆ ஓதிக்கொண்டே இருந்தது.

ரத்த அழுத்தம் இறங்கியிருப்பதாகச் சொல்லி மருத்துவர் மருந்து ஏற்றினார். இரண்டு மணி நேரம் கழித்து ஜெய்னுலாப்தீன் கண்ணைத் திறந்து, மைலேஜ் எம்புட்டுக் கொடுத்தது என்று கேட்டார். நூர்னிசாவுக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் அவரை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக ராஜபாளையம் போனாள். பழுப்புக் காரை எடுத்து, ராம்கியையும் அவன் கடையில் இருந்த இரண்டு பேரையும் ஏற்றி, ஏசியை முழுசாக வைத்து, அதே சாலையில் ஒரு லாரியைத் தாண்டிப் பார்த்தாள். மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் வண்டி தயங்கவில்லை.

“மைலேஜ் கம்மின்னு பொறவு என்னையக் குறை சொல்லக் கூடாதுக்கா” என்றான் ராம்கி.

“அவிய மூச்சு முட்டுறப்ப மைலேஜா பாக்கப் போறேன்?” என்றாள்.

பழுப்புக் காரை வாங்கினாள். திங்கட்கிழமை அதில்தான் மதுரைக்குப் போனார்கள். சக்கர நாற்காலி டிக்கியில் மடங்கி உட்கார்ந்தது. அவர் பிடிமானம் இல்லாமலே ஏறி இறங்கினார். டி.கல்லுப்பட்டி வரைக்கும் நூர்னிசா எஞ்சின் சத்தத்தைவிட அவர் மூச்சுச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். இன்றைக்கும் அப்படித்தான் ஓட்டுகிறாள். அவர் சற்று நேரம் பேசாமல் வந்தால், சும்மாவாவது ஏதாவது கேட்டு அவர் குரலை வாங்கிக்கொள்வாள்.