கதிரவேலுவுக்குக் கேட்காத சத்தம்

ஒரு காரின் ரேடியோவைக் கழற்றுவதற்கு முன் கதிரவேலு அதைப் பத்து நிமிடமாவது பாடவிட்டுக் கேட்பார். என்ன பாட்டு என்பது அவருக்குப் பொருட்டில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில் வருகிற வெறுமையைத்தான் கேட்பார். அதில் இரைச்சலோ உறுமலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை ஒரு திருகாணியிலும் கை வைக்கமாட்டார்.

உரும்பிராயில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில், வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டிலில்தான் அவருக்கு வேலை. பெயர்ப்பலகை கிடையாது. படித்ததற்குச் சான்றிதழும் கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரால் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்ட சனத்தில் அவரும் ஒருவர். டைனமோவின் உறுமல் செய்தி வாசிப்பவரின் குரலைப் பாதி விழுங்கிவிடும். எந்த இடத்தில் எந்தக் கொண்டென்சரைப் போட்டால் அந்த உறுமல் அடங்கும் என்று, பழுதான ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துத் தானாகக் கண்டுபிடித்தார். அந்த வேலையை ஊரில் இன்னும் நாலைந்து பேர் செய்தார்கள். ஆனாலும் கோப்பாயிலிருந்தும் நீர்வேலியிலிருந்தும் சனம் ரேடியோவைச் சாக்கில் சுற்றிக்கொண்டு இவரிடம்தான் வந்தது. கதிரவேலு தொட்டால் இரையாது என்று ஒரு பேச்சு இருந்தது.

பிறகு இருபது வருடம் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டினார். குழாய் ஸ்பீக்கருக்கும் ஜெனரேற்றருக்கும் நடுவில் நின்ற காலம் அது. முழங்கால் ஏணி ஏற மறுத்ததும் கார் வயரிங்கோடு நின்றுவிட்டார். இப்போது வயது அறுபத்தொன்று.

கஜந்தினி போன மாதம் காரைக் கொண்டுவந்தாள். சங்கீத ஆசிரியை. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் நல்லூரில் வகுப்பு. அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுச் சென்ற பழைய ஜப்பான் காரை ஓட்டுகிறாள்.

"அண்ணை, இந்த ரேடியோவிலை ஒரு ஸ்டேசனும் ஒழுங்கா எடுக்காது. போனைக் குத்திக் கேக்கிற மாதிரி ஒரு ஓக்ஸ் வயர் போட்டுத் தருவியளோ?"

"உது ஜப்பானுக்கெண்டு செய்த ரேடியோ பிள்ளை. தொண்ணூறுக்கு மேலை முள்ளுப் போகாது. எங்கடை ஸ்டேசன் முக்கால்வாசி அதுக்கு மேலைதான் கிடக்கு. வேறை செற் ஒண்டு மாத்தலாமே?"

"ரெண்டு இடத்திலை கேட்டனான். ஏசி சுவிச்சும் ரேடியோவும் ஒரே பலகையாம். வெட்டித்தான் பூட்டவேணுமாம்."

வெட்டுவது என்ற சொல்லைக் கேட்டதும் கதிரவேலுவின் முகம் மாறியது. "ஒண்டும் வெட்டத் தேவையில்லை. விட்டிட்டுப் போங்கோ."

இரண்டு நாள் எடுத்தார். ரேடியோவைக் கழற்றி, மூடியைத் திறந்து, வொலியூம் குமிழின் கால்களிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு தடமாகப் பிடித்துக்கொண்டு போனார். ரேடியோவின் சத்தம் குமிழுக்கு வந்து சேரும் இடத்தைக் கண்டார். மற்றவர்கள் அந்த இடத்தில் செப்புத் தடத்தைக் கத்தியால் கீறி விடுவார்கள். அவர் வலப் பக்கத்துக்கு ஒன்றும் இடப் பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு கொண்டென்சர்களின் ஒவ்வொரு காலை மட்டும் ஈயத்தை இளக்கித் தூக்கி, அங்கே உறை போட்ட வயரை ஒட்டி, சிகரெட் லைட்டருக்குப் பக்கத்தில் சிறிய துளைக்குக் கொண்டுவந்தார். துளையில் போனைக் குத்தாதவரை பழைய ரேடியோ. குத்தினால் ரேடியோ தானாக விலகிவிடும். நாளைக்கு யாருக்காவது வேண்டாமென்றால், தூக்கிய கால்களைத் திரும்ப இறக்கி ஒட்டினால் போதும். கார் வந்த மாதிரியே போகும். கடைசியாக, தன் போனைக் குத்தி, லைட்டரில் சார்ச்சரையும் போட்டு, எஞ்சினை முறுக்கி, பாட்டில்லாமல் வெறுமையைக் கேட்டார். ஒன்றுமில்லை. சுத்தம். காரைக் கொடுத்தனுப்பினார்.

எட்டாம் நாள் சனிக்கிழமை காலை கார் ஒழுங்கைக்குள் திரும்ப வந்தது.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. ஒரு சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"கீ எண்டு. எஞ்சின் கூடக் கூட அதுவும் ஏறுது. பிள்ளையள் வீட்டிலை பாடிப் பழகி எனக்கு ஒலிப்பதிவு அனுப்புங்கள். ஓடிக்கொண்டு போகேக்கை அதைத்தான் கேக்கிறனான். இப்ப பிள்ளை சுருதி விலகிப் பாடுதோ கார் விலகிப் பாடுதோ எண்டு தெரியேல்லை."

அவர் காரில் ஏறினார். அவள் பக்கத்து ஆசனத்தில் இருந்தாள். போனைக் குத்தினார்கள், சார்ச்சரைப் போட்டார்கள். கதிரவேலு அக்சிலேற்றரை மெல்ல மிதித்தார். எஞ்சின் முழங்கியது. தலையைச் சரித்து ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"ஒண்டும் இல்லையே டீச்சர்."

"இப்பவும் கேக்குதண்ணை."

"எஞ்சின் சத்தத்தைச் சொல்லுறியளோ?"

"இல்லை, ஸ்பீக்கருக்குள்ளாலை."

கதிரவேலுவுக்குக் கோபம் வந்தது. முப்பது வருடமாக அவர் காது பார்த்துச் சரியென்ற வேலையை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. பாட்டுப் படிப்பிக்கிற ஆட்களுக்கு இல்லாததும் கேட்கும் என்று நினைத்தார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "உதுக்குள்ளை ஒரு சத்தமும் இல்லை. நான் ஒருக்கா இல்லை, நாலு தரம் பாத்தனான்" என்றார்.

கஜந்தினி வாதாடவில்லை. "நான் பாடிக் காட்டட்டோ?" என்றாள். "அது மேலை, என்ரை குரலுக்கு எட்டாது. ரெண்டு ஸ்தாயி கீழை பிடிக்கிறன். நீங்கள் மிதியுங்கோ."

அவர் மிதித்தார். அவள் வாயை மூடியபடி முணுமுணுத்துச் சுருதி பிடித்தாள். அவர் மிதிக்க அந்தச் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறியது. காலைத் தளர்த்த இறங்கியது. அவளுடைய கண் ஜன்னலுக்கு வெளியே வாழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய கால் அசைவது அவளுக்குத் தெரியாது. கதிரவேலு சட்டென்று அரைவாசியில் காலை நிறுத்திப் பார்த்தார். அவளுடைய குரலும் அரைவாசியில் நின்றது. மிக மெதுவாக, எஞ்சினின் முழக்கம் மாறியது வெளியே தெரியாத அளவுக்கு, ஒரு நூல் மிதித்தார். குரல் ஒரு நூல் ஏறியது.

இப்படி ஏறி இறங்குவது எது என்று அவருக்குத் தெரியும். அது எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஓல்ட்டனேற்றரின் கீச்சு. சார்ச்சருக்கும் ரேடியோவுக்கும் எர்த் வேறு வேறு இடத்தில் இருந்தால் வருவது. கார் வேலைக்கு வந்த முதல் வருடமே கற்ற பாடம். சத்தம் இருக்கிறது. அது அவருடைய காதுக்குள் வரவில்லை.

அவர் எஞ்சினை நிறுத்தினார்.

கொட்டில் வாசலில் தேத்தண்ணியோடு வந்து நின்ற மனைவி செல்வநாயகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் எத்தினை நாளாச் சொல்லுறன்?"

"நீர் பேசாமல் இரும்."

"ஏன் பேசாமல் இருக்கிறது? டீச்சர், இவருக்குப் போன மாதம் காய்ச்சல். கக்கத்துக்கை வைக்கிற காய்ச்சல் கருவி கீக்கீ எண்டு கத்திக்கொண்டு கிடக்குது. இவர் சத்தம் வருகுதில்லை, பழுது எண்டு அதைக் கழட்டிப் போட்டார். நூற்றிரண்டு காய்ச்சலோடை இருந்து, சின்னத் திருகாணி எல்லாம் தட்டத்திலை அடுக்கிவைச்சு, பழுது தேடினவர்."

கஜந்தினி சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்தினாள்.

கதிரவேலுவும் சிரித்திருப்பார், வேறு நாளாக இருந்தால். அந்தக் கருவியில் பழுது எதுவும் காணவில்லை. அரை மணி நேரம் தேடியும் காணவில்லை. மீற்றரில் எல்லாம் சரியாகக் காட்டியது. அப்போது கூடத் தன்னைப் பற்றி அவருக்கு ஒரு ஐயமும் வரவில்லை. பூட்டி, மலிவுச் சாமான் என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்தார்.

"டீச்சர்," என்றார். "எனக்கு அது கேக்கேல்லை. சத்தம் இருக்குது. எனக்குத்தான் கேக்கேல்லை. உங்களுக்கு அவசரம் இல்லையெண்டால் இருந்து கேட்டுச் சொல்லுங்கோ. நான் செய்யிறன்."

"சனிக்கிழமையிலை பத்து மணிக்கு வகுப்பு. அதுவரைக்கும் இருக்கலாம்."

அவர் ரேடியோவை இழுத்து வெளியே எடுத்தார். அதன் உடம்பிலிருந்து தடித்த எர்த் வயர் ஒன்றை நேராக லைட்டர் சொக்கற்றுக்குக் கொண்டுபோய், இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து இறுக்கினார். எஞ்சினைப் போட்டார். "இப்ப?"

"பாதியாக் குறைஞ்சிட்டுது."

இறுக்கிய இடத்தைப் பிரித்து, அரத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப இறுக்கினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

மீற்றரை எடுத்து ஸ்பீக்கர் வயரில் வைத்தார். முன்பெல்லாம் மீற்றர் காட்டுவதற்கு முன்னமே காது சொல்லிவிடும். காது சொன்னதை உறுதிப்படுத்தத்தான் மீற்றர். இப்போது மீற்றர் பூச்சியம் காட்டியது. முறுக்கினாலும் பூச்சியம். அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"மீற்றரிலை ஒண்டும் இல்லை டீச்சர். முடிஞ்சுது."

கஜந்தினி கண்ணை மூடிக் கேட்டாள். தயங்கினாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். "இருக்குதண்ணை. நூல் மாதிரி. வேறை ஆக்களுக்குக் கேக்காது. இது போதும், நான் சமாளிப்பன்."

மீற்றருக்கும் கேட்கவில்லை, அவருக்கும் கேட்கவில்லை. அவளே போதும் என்கிறாள். கதிரவேலு அந்தப் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மீற்றர் காட்டக்கூடியதைவிடச் சிறிய சத்தம் இருக்கலாம் என்பது அவர் அறிந்ததுதான். பழைய காதாக இருந்தால் அந்த நூலோடு இந்தக் காரை ஒழுங்கை வாசல்வரை கூட விட்டிருக்கமாட்டார்.

"போதாது," என்றார். "உங்களுக்குக் கேட்டால் இருக்குது."

ஒலிபெருக்கிக் காலத்துப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து பெருவிரல் அளவில் இரண்டு ட்ரான்ஸ்போமர்களை எடுத்தார். போனுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் அவற்றை வைத்தால் பாட்டு மட்டும் தாண்டிப் போகும். எர்த் தொடர்பு அறுந்துவிடும். கவனமாக ஒட்டினார். கை நடுங்கவில்லை, கண்ணும் நன்றாகத் தெரிந்தது. எஞ்சினைப் போட்டுவிட்டு அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

அவள் கண்ணை மூடியிருந்தாள். அவர் மிதித்தார், விட்டார், மிதித்தார். அவளுடைய நெற்றிச் சுருக்கம் மெல்லக் கலைந்தது.

"இல்லை."

"வடிவாக் கேளுங்கோ."

"வடிவாக் கேட்டிட்டுத்தான் சொல்லுறன். ஒண்டும் இல்லை."

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்க அவள் போனாள். போகும்போது போன் ஒலிப்பதிவில் பிள்ளை ஒன்று சரளி வரிசை பாடுவது ஜன்னலால் கேட்டது. கீழ் ஸ்வரங்கள் அவருக்குத் தெளிவாகக் கேட்டன.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தார்.

"ஆசுப்பத்திரியிலை காது பாக்கிற நாள் செவ்வாயாம்," என்றாள் செல்வநாயகி. இப்போது குரலில் கேலி இல்லை.

"போவம்." கோப்பையைக் கீழே வைத்துக் கேட்டார். "குருநகர்ப் பெடியன் ஜெரோசன் ஏன் இப்ப வாறேல்லை?"

"அந்த வான் ஓடுற பெடியனோ? பொங்கலோடை கண்டது. முந்தி வேலை இல்லாட்டிலும் வந்து கதைச்சுக்கொண்டு இருப்பான்."

பொங்கலுக்கு முதல் கிழமைதான் ஜெரோசனின் வானுக்கும் இதே ஓக்ஸ் வயர் போட்டார். கீரிமலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவன். அதற்குப் பிறகு இன்னும் மூன்று வாகனங்கள். அவர்களும் திரும்ப வரவில்லை. பழுதில்லாததால் வரவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

போனை எடுத்தார்.

"அண்ணை! என்ன, கனநாளைக்குப் பிறகு?" ஜெரோசனின் குரலில் பழைய உற்சாகம் இருந்தது.

"ஜெரோசன், உன்ரை வானிலை போனைக் குத்திப் பாட்டுக் கேக்கேக்கை கீ எண்டு சத்தம் வருகுதோ?"

"வான் நல்லா ஓடுதண்ணை," என்றான் ஜெரோசன்.

"என்னடா, வருகுதோ இல்லையோ?"

"வருகுதண்ணை. முதல் நாளே வந்தது."

"பேந்து ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டுப்போட்டு இல்லை எண்டு சொன்னனீங்கள். நீங்களே இல்லை எண்டால் என்ரை காதுதான் பிழை எண்டு நினைச்சன். இவள் மனிசியும் கேக்குது எண்டவள். கதிரவேலண்ணைக்குக் கேக்காதது உனக்கெப்பிடிக் கேக்கும் எண்டு அவளையும் பேசிப்போட்டன்."

கதிரவேலு கொட்டில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எதிர்த் தோட்டத்தில் வெங்காயத்துக்கு யாரோ வாய்க்காலைத் திருப்பித் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதம் அந்தப் பெடியன் கீச்சைக் கேட்டுக்கொண்டு, அது இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஓடியிருக்கிறான்.

"அவளுக்குக் கேட்டது சரி. உனக்குக் கேட்டதும் சரி," என்றார். "எனக்குத்தான் காது போயிட்டுது. நாளைக்கு வானைக் கொண்டு வா. மனிசியையும் கூட்டிக்கொண்டு வா, அவ இருந்து கேட்டுச் சொல்லட்டும்."

"அண்ணை, அது சின்னச் சத்தந்தானே..."

"கொண்டு வா எண்டுறன்."

போனை வைத்துவிட்டு, அடுத்த இலக்கத்தைத் தேடினார்.